மதலைமுத்துவின் ஜீப்புக்கு மூச்சடைத்தது

தை மாதத்துப் பனி விலகுவதற்கு முன்பே கம்பைநல்லூர்ச் சந்தை மேட்டில் ஒரு நீலப் புகை எழும்பும். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் திருப்பாமலேயே, "சாம்பிராணி வந்துட்டான்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் மதலைமுத்துவின் ஜீப்பு கண்ணுக்குத் தெரியும்.

அது யுத்த காலத்து ஜீப்பு. ராணுவம் ஏலம் விட்டதை ஓசூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் எடுத்து, அவரிடமிருந்து கை மாறிக் கை மாறி மதலைமுத்துவிடம் வந்து சேர்ந்திருந்தது. பச்சை வர்ணத்தின்மேல் கறுப்பு அடித்து, பின்னால் எதிரெதிராகப் பலகை போட்டு, மேலே கித்தான் கட்டியிருந்தார். தர்மபுரி தனி ஜில்லாவாகி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அந்தப் பக்கத்துக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இடையில் யாருக்கு என்ன வந்தாலும் மதலைமுத்துதான். மொரப்பூரில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள், அரூர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகிறவர்கள், தீர்த்தமலைக்கு மொட்டை போடப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து போனவர்கள்தான். போகிற வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்ட ஒரு பெண்பிள்ளையை ஊரார் 'ஜீப்புக்காரி' என்றே கூப்பிட்டார்கள்.

முந்தின வருஷத்து மழைக்குப் பிறகுதான் இந்தக் கேடு தொடங்கியது. புகை சைலன்சர் வழியாக மட்டும் வரவில்லை. பானட்டின் இடுக்கிலிருந்து வந்தது. காலடித் தகட்டின் ஓட்டையிலிருந்து வந்தது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டிக் கறுப்பு வட்டம் விழுந்தது. சந்தை மேட்டில் அந்த வட்டங்களை வைத்தே அவர் இன்றைக்கு எங்கெங்கே நின்றார் என்று சொல்லிவிடலாம். ஏறி இறங்கியவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் எண்ணெய் வாசனை போகவில்லை.

ராமக்காள் புளி வியாபாரம் செய்பவள். தெலுங்குக்காரி. அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும்.

"தேவுடா! ஏம்ப்பா முத்து, என் புளிய சேலத்து மண்டியில மோந்து பாத்துட்டு மொகத்தச் சுளிக்கறாங்க. புளி வாங்க வந்தமா, கெரசின் வாங்க வந்தமான்னு கேக்கறாங்க."

"ஆமாங்க்கா, இந்த வருஷம் புளி நல்ல காய்ப்புதான்" என்றார் மதலைமுத்து.

"பாத்தியா, எப்படி மழுப்பறான்னு!" என்று ராமக்காள் பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கம்பைநல்லூருக்கு வெளியே, பெண்ணையாற்றுப் பக்கம் போகும் வண்டித் தடத்தில் அவருடைய ஓட்டு வீடு. முன்னால் மூன்று புளியமரம், பின்னால் அண்ணன் தம்பிகளோடு பொதுவில் கொஞ்சம் மானாவாரி நிலம். அந்த வருஷம் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நிச்சயமாகியிருந்தது. ஒரே மகள் லூர்துமேரிக்குத் தர்மபுரியில் கரண்டாபீஸ் வயர்மேன் ஸ்தனிஸ்லாஸைப் பேசி முடித்திருந்தார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஒரு மத்தியானம் வாசலில் புளி மலைபோலக் குவிந்து கிடந்தது. மதலைமுத்துவின் மனைவி மிக்கேலம்மாளும் லூர்துமேரியும் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதலைமுத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ராகிக் களியைப் பச்சை மொச்சைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள வூட்டுல காரு அனுப்பறாங்களாம்" என்றாள் மிக்கேலம்மாள். "வெள்ளக் காரு. பூவெல்லாம் கட்டி அனுப்பறாங்களாம்."

"நான் அதுல ஏற மாட்டேன்" என்றாள் லூர்துமேரி.

"ஏன்டி?"

"எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து இந்தச் சுத்துப்பட்டுல எல்லாப் பொண்ணுங்களயும் எங்கப்பாதான் கோயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு. என்னய மட்டும் எவனோ ஏத்திக்கிட்டுப் போறதா?"

"வெள்ளச் சீல கட்டிக்கிட்டு அதுல ஏறுனீன்னா கோயில்ல எறங்கறப்ப கரிச்சட்டியாட்டம் எறங்குவ."

"எறங்குறேன். அவரு என்னயப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா இங்கியே உன்கூடப் புளி தட்டிக்கிட்டு இருக்கறேன்."

மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க பொண்ணு பேசறதக் கேட்டீங்களா? வண்டிய ரிப்பேரு பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து. மொச்ச நல்லா வெந்திருக்குது" என்றார் அவர்.

அவள் குழம்பை ஊற்றிய வேகத்தில் அது வட்டிலிலிருந்து வழிந்து அவர் முட்டியில் கொட்டியது. போய்ப் புளியின் முன்னால் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் இப்படித்தான். அவள் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்வார், அல்லது ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போவார். கல்யாணமான புதிதில் வயலுக்குப் போகும் வழியெல்லாம் அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்த மனுஷன். நாலு இடத்துக்குப் போய் நாலு பேரோடு பழகியதும், களை வெட்டுகிறவளின் பேச்சு அவருக்குப் புளித்துவிட்டது என்று அவள் தனக்குள் முடிவு கட்டியிருந்தாள். மகளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

ஆனாலும் மகள் சொன்னது ஜாடை மாடையாக அவருக்கும் புரிந்துதான் இருந்தது. அரூரில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார். அவன் புகையைப் பார்த்ததுமே பிஸ்டன் ரிங்கு தேய்ந்து போய்விட்டது என்றான். பக்கத்துப் பட்டறைக்காரன் வந்து, ரிங்கோடு சிலிண்டர் போரும் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கிச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்றான். கல்யாணத்துக்குள் ஆகாது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள்.

"அதியமான்கோட்டை பாய்கிட்டக் கொண்டு போவோம்" என்றாள் மிக்கேலம்மாள். "இந்த வண்டிய மொதல்ல இருந்து அவருதான பாத்தாரு? ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே போவாம இருக்கீங்க."

அதை அவள் உரக்கச் சொன்னாள். அவருக்குக் கேட்டது. "பாய்க்கு வேல ஜாஸ்தி" என்றார்.

"எனக்கும் தர்மபுரியில சாமான் வாங்கற வேல இருக்குது. நாளைக்குப் போறோம்" என்று அவள் முடித்துவிட்டாள்.

மறுநாள் விடிந்து பனி கலைந்ததும் கிளம்பினார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்களில் ஆட்கள் ஏறிக் கிளைகளை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சாக்கை விரித்துப் பெண்கள் பொறுக்கினார்கள். அவரை பூத்த வாசனை எண்ணெய் வாசனையையும் மீறி வந்தது. தர்மபுரியை நெருங்கும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மிக்கேலம்மாள் திரும்பிப் பார்த்தாள். மதலைமுத்து ரோட்டின் நடுவில், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் மண்ணில் இறங்கி முந்திக்கொண்டு போகும்போது, அவருடைய அப்பனில் தொடங்கிப் பாட்டன் வரைக்கும் திட்டிவிட்டுப் போனான்.

"ஏங்க இப்படி வம்பு பண்றீங்க? வழி வுட்டாக் கொறைஞ்சா போயிடுவீங்க?"

"என்னா அவசரமோ அவனுக்கு" என்றார் அவர். முகம் மட்டும் வெளிறியிருந்தது.

ஹயாத் பாஷாவின் பட்டறை அதியமான்கோட்டையில் பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. நான்கு கம்பங்களின்மேல் தகரம், பின்னால் வீடு, நடுவே சாக்குத் திரை. பாஷா மெலிந்த மனிதர். அவர் குரல் உயர்த்திப் பேசியதை அவர் மனைவி அஸ்கரி பேகமே கேட்டதில்லை. லாரிகள் இரையும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு, காதோடு ரகசியம் சொல்கிறவரைப்போலத்தான் பேசுவார்.

"வா முத்து. ரொம்ப நாளாச்சி. எண்ணெ எப்ப மாத்துன?"

"அடுத்த மாசம் பாய். பொண்ணுக்குக் கல்யாணம்."

பாஷா மிக்கேலம்மாளைப் பார்த்தார். "போன மாசம்தான் மாத்துனாருங்கண்ணே" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாஷா எஞ்சினை ஓடவிட்டுவிட்டு பானட்டைத் தூக்கினார். எண்ணெய் ஊற்றும் குழாயின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. பழைய பேப்பர்த் துண்டு ஒன்றைக் கிழித்து அந்த வாய்மேல் வைத்தார். பேப்பர் துள்ளி எழும்பி அவர் தோள்மேல் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் எகிறியது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்னால் கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் அவர் கையை எதிர்த்துத் திருப்பித் தள்ளியது.

"பிடி நல்லா இருக்குது. ரிங்கு போயிருந்தா இப்படித் தள்ளாது. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்" என்றார் பாஷா.

"அப்பறம் ஏனுங்கண்ணே இத்தன புகை?" என்று மிக்கேலம்மாள் கேட்டாள்.

பாஷா ஒரு குழாயைத் தொட்டுக் காட்டினார். "உள்ள பெட்ரோல் வெடிக்கறப்ப கொஞ்சம் புகை பிஸ்டன் ஓரமா நழுவிக் கீழ எண்ணெத் தொட்டிக்குப் போவும். புது எஞ்சின்லகூடப் போவும். போனது வெளிய வரணுமில்ல? அதுக்குத்தான் இந்தக் குழாய். இதுக்குப் பேரு ப்ரீதர். கீழ இருக்கற புகைய இழுத்து, மறுபடியும் மேல கொண்டுபோய் எரிச்சிடும். நடுவுல கட்டவெரல் தண்டிக்கு ஒரு வால்வு இருக்குது பாருங்க. அது அடைச்சிக்கிட்டா எஞ்சினுக்கு மூச்சு முட்டிப்போவும். புகை, கெடைச்ச சந்துல எல்லாம் எண்ணெயத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்."

"அடப் பாவமே" என்றாள் மிக்கேலம்மாள். வண்டியை ஒரு வருஷமாக அவள் திட்டாத திட்டு இல்லை.

பாஷா ஸ்பேனரை வைத்து வால்வைக் கழற்றினார். அதன் வாயில் களி பூசியதுபோலக் கறுப்பாக அப்பியிருந்தது. குழாயைத் தட்டினால் உள்ளேயிருந்தும் அதே கறுப்புக் களி விழுந்தது. எண்ணெய் மூடிக்குள் இருந்த கம்பிச் சல்லடையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

"மாசத்துக்கு ஒருக்கா இதக் கழட்டி ஆட்டிப் பாக்கச் சொன்னனே முத்து. உள்ள இருக்கற ஊசி ஆடற சத்தம் கேட்டா நல்லாருக்குது. கேக்கலன்னா கெரசின்ல ஊறப் போட்டுக் கழுவணும்னு."

மதலைமுத்து அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வால்வைக் கண்டதும் கேள்வி புரிந்துவிட்டது. "ஆட்டிப் பாத்துக்கிட்டுதான் இருக்கறேன் பாய். மாதா மேல சத்தியமா ஒரு மாசம் தவறல."

அது பொய்யில்லை என்று மிக்கேலம்மாளுக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வெள்ளை வேட்டியோடு வேப்பமரத்தடியில் நின்று, இந்தச் சின்னச் சாமானைக் காதருகே வைத்துத் தலையைச் சாய்த்து ஆட்டிப் பார்ப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"சத்தம் வந்துச்சா?" என்று பாஷா கேட்டார்.

"வந்துச்சே."

பாஷா வால்வை ஆட்டினார். ஒன்றும் இல்லை. மிக்கேலம்மாளிடம் கொடுத்தார். அவளும் ஆட்டினாள். கூழாங்கல்லை ஆட்டுவதுபோல இருந்தது. பாஷா அதைக் கெரசின் கிண்ணத்தில் போட்டார்.

அது ஊறுவதற்குள் அஸ்கரி பேகம் திரைக்குப் பின்னாலிருந்து டீயும் பொறை ரொட்டியும் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்தாள். கல்யாணச் சேதி கேட்டு, பெண்ணுக்கு என்ன சேலை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று விசாரித்தாள். பாஷா மெல்லிய கம்பியால் வால்வின் துவாரத்தைக் குடைந்தார், வாய் வைத்து ஊதினார், துணியில் துடைத்தார். பிறகு ஆட்டினார். கிளிக், கிளிக் என்று தெளிவாக, சின்னக் கொலுசுமணியைப்போல ஒரு சத்தம் வந்தது.

"குடுங்கண்ணே" என்று மிக்கேலம்மாள் அதை வாங்கினாள். அவள் மனசுக்குள் காலையிலிருந்து எதுவோ உறுத்திக்கொண்டிருந்தது. லாரி ஹாரனா, புளி காய்ப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதாக ராமக்காள் வந்து சொல்லிச் சிரித்த பதிலா, அவளுக்கே தெரியவில்லை.

"ஏங்க, அந்தாண்ட திரும்பி நில்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வலது காதருகே வால்வை ஆட்டினாள். "கேக்குதா?" என்று கத்தினாள்.

"ஓ. நல்லாக் கேக்குது."

அவள் ஆட்டுவதை நிறுத்தினாள். வால்வை அசைக்காமல் அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்று மறுபடியும் கத்தினாள்.

"இப்பவும் நல்லாக் கேக்குது."

அஸ்கரி பேகம் டம்ளரைக் கீழே வைத்தாள். பதில் வராததால் மதலைமுத்து திரும்பிப் பார்த்தார். அவள் கை அசையாமல் நிற்பதைப் பார்த்தார். மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தார். மெதுவாகப் போய் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

"எடது காது மொதல்ல" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்பறம் இதுவும். கோயில் மணிகூடக் கேக்கல. டிரைவருக்குக் காது போச்சின்னா எவன் ஏறுவான் வண்டியில? பாய் மெதுவாப் பேசுவாரு, கண்டுபிடிச்சிருவாருன்னுதான் இந்தப் பக்கமே வரல. காலையில லாரி அந்தாண்ட போனதுக்கப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சிது. ஒடம்பே நடுங்கிப் போச்சி. இனிமே ஓட்டக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டுதான் வந்தேன்."

"அப்ப நான் பேசறது?" என்றாள் மிக்கேலம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை.

"நான் பேசறது!" என்று அவள் கத்தினாள்.

"வாய் அசையறது தெரியும். கோவமா சிரிப்பாங்கறதும் தெரியும். என்னா ஏதுன்னு தெரியாது. திருப்பிக் கேட்டா உனக்குத் தெரிஞ்சிருமேன்னு பேசாம இருந்துடுவேன்."

"ரெண்டு வருஷமா! உங்களுக்கு நான் சலிச்சிப் போயிட்டேன்னு நெனச்சனே!"

ரகசியமாகச் சொல்ல வேண்டியதை ஊர் கேட்கக் கத்த வேண்டியிருந்தது. ரோட்டில் போன சைக்கிள்காரன் ஒரு காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தான்.

"சலிக்கறதா? உன்னயா?" என்று அவரும் அதே உரத்த குரலில் கேட்டார். "உன் பேச்சக் கேக்க முடியலயேன்னுதான் புள்ள எனக்கு ரோதனையே!"

சைக்கிள்காரன் சிரித்துவிட்டான். அஸ்கரி பேகம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிக்கேலம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கெரசின் கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள்.

அஸ்கரி பேகம்தான் முதலில் சமாளித்துக்கொண்டாள். "எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திச்சு. காதே போச்சின்னு நெனச்சோம். ஆஸ்பத்திரியில பாத்தா உள்ள அழுக்கு கல்லாட்டம் எறுகிக் கெடக்குது. இவரும் வருஷம் பூரா ரோட்டுப் புழுதியில ஓட்டறவரு. கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க அக்கா."

பாஷா டார்ச்சை எடுத்து மதலைமுத்துவின் காதுக்குள் அடித்துப் பார்த்தார். "கறுப்பாத்தான் தெரியுது" என்று முடிந்தவரை உரக்கச் சொன்னார். அதுதான் அவர் வாழ்க்கையில் உரக்கப் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும். "கெரசின் மட்டும் ஊத்திடாத முத்து."

பிறகு வேலை நடந்தது. குழாயைக் கழுவி ஊதினார்கள். வெடித்துப் போயிருந்த ரப்பரை எடுத்துவிட்டு வேறு போட்டார் பாஷா. சல்லடையைக் கெரசினில் அலசி, நல்ல எண்ணெயில் முக்கி வடித்தார். தொட்டியில் இருந்த எண்ணெய் தார்போல இறங்கியது. புது எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். குழாயை மட்டும் விலக்கி, வால்வின் வாயில் மதலைமுத்துவின் விரலை எடுத்து வைத்தார்.

"இழுக்குது பாய்!" என்றார் மதலைமுத்து. எஞ்சின் அவர் விரல் நுனியைக் கன்றுக்குட்டி சப்புவதுபோல இழுத்துப் பிடித்தது.

"இதுக்குக் காது வேணாம். விரல் போதும்."

குழாயை மாட்டிவிட்டு, எண்ணெய் வாயில் பேப்பரை வைத்தார்கள். இப்போது பேப்பர் எகிறவில்லை. மெல்ல உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. பானட்டின் இடுக்குகளில் புகை இல்லை. மிக்கேலம்மாள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. வெகு நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"அவ்ளோதான் இருக்கும். வயசான வண்டி, கொஞ்சம் ஒழுவட்டும்" என்றார் பாஷா.

திரும்பும்போது மிக்கேலம்மாள் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள். லாரி வந்தால் அவர் தோளில் தட்டுவாள். அவர் ஒதுங்குவார். நேராகத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். அங்கே நர்ஸ் கண்ணம்மாள் காதைப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்து கொடுத்து, ஊறவிட்டுப் பிறகு வரச் சொன்னாள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அதுவரை வண்டியை அவர் தொடவில்லை. மொரப்பூர் ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் மாட்டு வண்டியில் போனார்கள். லூர்துமேரி இரண்டு வேளையும் அப்பாவை மடியில் சாய்த்து மருந்து விட்டாள். மிக்கேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வால்வைப் பற்றிப் பாஷா சொன்னதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி மகளுக்கு விளக்கினாள்.

மறுமுறை பஸ்ஸில் போனார்கள். கண்ணம்மாள் பெரிய ஊசிக்குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, வளைந்த கிட்னித் தட்டை அவர் கையில் கொடுத்துக் காதடியில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தண்ணீரைப் பீய்ச்சினாள். மூன்றாவது தரம் பீய்ச்சும்போது புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டில் வந்து விழுந்தது. இன்னொரு காதிலிருந்து அதைவிடப் பெரிதாக வந்தது.

மதலைமுத்து அலறாத குறையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏம்மா, ஏன் கத்தறீங்க?"

"யாருங்க கத்தறா? நான் இன்னும் பேசவே இல்ல" என்றாள் கண்ணம்மாள்.

தட்டு மேசையில் பட்ட சத்தம், ஜன்னலுக்கு வெளியே காக்கை, வராந்தாவில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போவது எல்லாம் ஒரே நேரத்தில் அவர்மேல் வந்து கொட்டின. அவர் எழுந்து வெளியே வந்தார். வராந்தா ஓரத்தில் உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாள் தனக்குத்தானே, "எவ்ளோ நேரமா உள்ள வச்சிக்கிட்டு இருக்காங்க, மனுசனுக்குப் பசிக்குமே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதுதான்" என்றார் அவர், அவளுக்குப் பின்னால் நின்று.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு மிக மெதுவாக, உதடு அசைவது தெரியாமல் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இட்லி துன்னலாமா?" என்றாள்.

"துன்னலாம். ஆறு."

அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் இருக்க முடியாதபடி ஆக்கிவிட்டார் மனுஷன். ஜீப்பை ஓட்டத் தொடங்கியதும், கித்தான் அடித்துக்கொள்வதும் பலகை கிறீச்சிடுவதும் கியர் உறுமுவதும் அவருக்குப் பயமாக இருந்தது. ஃபர்லாங்குக்கு ஒரு தரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். "ஐயோ, அது எப்பவும் வர்ற சத்தம்ப்பா, ஓட்டு" என்று ஏறியிருந்தவர்கள் கும்பிட்டார்கள். ராமக்காள் மறுபடி புளி ஏற்றியபோது குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள், மூட்டையை மோந்து பார்த்தாள், அவர் காதையும் சந்தேகமாகப் பார்த்தாள். "முத்து, உன்ன நான் இத்தன நாளாத் திட்டுனதெல்லாம்..." என்று இழுத்தாள். "ஒண்ணும் கேக்கலக்கா. மறுபடியும் மொதல்ல இருந்து திட்டுங்க" என்றார் அவர்.

கல்யாணத்தன்று விடிந்ததும் வண்டியைக் கழுவிப் பலகையில் வெள்ளைத் துப்பட்டி விரித்தார்கள். முன் கண்ணாடியில் சாமந்திச் சரம். கிளம்பும் முன் மிக்கேலம்மாள் பட்டுச் சேலையோடு நின்று எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தாள், பேப்பரை வைத்தாள், அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்து மூடினாள். "போலாம்" என்றாள். லூர்துமேரி வெள்ளைச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் அப்பாவின் பக்கத்தில் ஏறினாள். பின்னால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. தொங்கிக்கொண்டு வந்தவர்கள் வேறு. ஊர் முழுக்க வழியில் நின்று பார்த்தது. சாம்பிராணி இல்லாமல் வந்த ஜீப்பைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய வெள்ளைக் கார் பின்னால் காலியாக வந்தது. அதில் ஒரே ஓர் ஆள், ராமக்காள் மட்டும், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வந்தாள்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மதலைமுத்து ஆண்கள் வரிசையில் முன்னால் முழங்காலில் இருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து மிக்கேலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியார் மாப்பிள்ளையைக் கேட்டார். ஸ்தனிஸ்லாஸ், கம்பத்தின்மேல் இருந்து கீழே நிற்பவனுக்குச் சொல்கிற பழக்கத்தில், கூரை அதிர "சம்மதம்" என்றான். கூட்டத்தில் லேசான சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு சாமியார் லூர்துமேரியிடம் திரும்பினார்.

வாசலில் புளி தட்டும்போது அத்தனை வாய் பேசியவள் இப்போது தலையைக் குனிந்துகொண்டாள். கோயில் ஓட்டில் புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு முக்காட்டுக்குள்ளிருந்து மூச்சோடு மூச்சாக ஒரு வார்த்தை வந்தது. முன்வரிசைப் பெண்களுக்கே அது எட்டவில்லை. சாமியார் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, "சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

"சம்மதம்னு சொல்லிட்டா சாமி!" என்றார் மதலைமுத்து, எழுந்து நின்று. "எனக்குக் கேட்டுச்சி!"

கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டு, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். முக்காடு குலுங்கியது. எதிர்ப்பக்கத்தில் மிக்கேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. மகளின் வாயிலிருந்து இரண்டாம் முறை, இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வார்த்தை வரும்வரை, நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.